டிராகுலாவைப் படைத்த பிராம் ஸ்டோக்கர்

ஆங்கிலக் கதைமாந்தருள் ஷெர்லக் ஹோம்சுக்கு இணையாக உலகெங்கும் பெயர் பரவியவர் ஒருவர் உண்டென்றால், அவர் டிராகுலா பிரபுதான். ஆங்கிலம் அறியாதவரும் அப்பெயரை அறிவர். ஆனால் அவரைப் படைத்தவர் யார் என்று வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. பேரரசர்களை மறந்து கோட்டையை மட்டும் நினைவில் வைத்திருப்பது போன்றது இது.

இன்று அந்தக் கோட்டையில் குடியிருப்போர் பலர். இரண்டு மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய நகரம், மாளிகை, இரவில் மட்டும் உலவும் சாகாவரம் பெற்ற காதலன், முதல் அதிகாரத்திலேயே ஒரு கொலை, கடைசி அதிகாரம் வரை தொடரும் துப்புத் துலக்கல்: இத்தகைய புதினங்கள் மேல்நாட்டில் ஆண்டுதோறும் வெளிவருகின்றன, நம் மாணவியர் கைப்பேசியிலும் அவற்றைக் காண்கிறேன். கற்றறிந்த நண்பர்கள் இவற்றைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. சுளிப்பதற்கு முன் அவ்வகை நூல்களுக்கெல்லாம் மூலவரான மனிதரின் வாழ்க்கையைச் சற்றே பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் உண்டு. நான் மேல்மலையனூரில் பிறந்து வளர்ந்தவன். அமாவாசை இரவின் ஊஞ்சல் உற்சவத்துக்கு எத்தனை பேருந்து விட்டாலும் போதாத ஊர் அது என்பதைச் செஞ்சி, திண்டிவனம் பகுதி மாணவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரமனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய சிவபெருமானின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டு, அவருக்கு இட்ட உணவையெல்லாம் தானே விழுங்கியதாம். அம்மை மயானத்தில் உணவைச் சூறையிட, அதைத் தின்னக் கபாலம் கீழே இறங்க, அங்காளியாகப் பேருருவம் எடுத்து அதை மிதித்து அடக்கினாளாம். மாசி மாதத்து மயானக் கொள்ளை இக்கதையின் நினைவாகவே நடக்கிறது. அடங்காத பசி, இரவு, சுடுகாடு, இரத்தம் ஆகியவற்றை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. ஆதலால் டிராகுலாவை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அச்சத்தைவிட உறவே மிகுதியாகத் தோன்றிற்று. இரத்தக் காட்டேரி என்று அதற்குத் தமிழ்ப் பெயர் இட்டவர் எவரோ, அவர் நம் பக்கத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். காட்டேரியைத் தெய்வமாக வைத்துக் கும்பிடும் குடும்பங்கள் நம் பகுதியில் இன்றும் உள்ளன அல்லவா?

பிராம் ஸ்டோக்கர் அயர்லாந்து நாட்டவர். முழுப்பெயர் ஆபிரகாம் ஸ்டோக்கர். டப்ளின் நகரை ஒட்டிய கிளான்டார்ஃப் என்னும் கடற்கரைப் பகுதியில் 1847ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார். அந்த ஆண்டு அயர்லாந்துக்குக் கொடிய ஆண்டு. உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறி நாட்டைவிட்டே போயினர். ஸ்டோக்கரின் தந்தை டப்ளின் கோட்டை அரசு அலுவலகத்தில் எழுத்தர். செல்வமும் இல்லை, வறுமையும் இல்லை. ஏழு குழந்தைகளில் இவர் மூன்றாமவர்.

இந்த மூன்றாமவர் ஏழு வயது வரை எழுந்து நடக்கவில்லை. நோய் இன்னதென்று அன்றும் புலப்படவில்லை, இன்றும் புலப்படவில்லை. படுக்கையிலிருந்து சன்னலுக்கும், சன்னலிலிருந்து படுக்கைக்கும் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைக்குத் துணை, தாய் சார்லட் சொன்ன கதைகள். அவை ராஜா ராணிக் கதைகள் அல்ல. சார்லட் சிறுமியாக இருந்தபோது, 1832இல், அவர் வாழ்ந்த ஸ்லைகோ நகரைக் காலரா தாக்கியது. நம் வங்கத்துக் கங்கைக் கழிமுகத்தில் பிறந்து, தரை வழியும் கடல் வழியுமாக ஐரோப்பாவைக் கடந்து சென்ற அதே காலரா! நகரத்தார் ஓடினர், ஓட முடியாதவர் கதவை அடைத்துக்கொண்டனர். வீட்டுக்குள் நுழைய நீண்ட ஒரு கையைச் சார்லட் கோடரியால் வெட்டினார் என்பது அக்குடும்பத்துக் கதை. இறந்துவிட்டான் என்று பெட்டிக்குள் வைத்த நெடிய சிப்பாய் ஒருவனின் கால் உள்ளே அடங்கவில்லை. சுத்தியலால் காலை முறிக்க ஓங்கியபோது அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பிணக்குவியலில் தன் மனைவியின் இடுப்பில் கட்டிய சிவப்புத் துணியைத் தேடிப் போன கணவன் அவளை உயிருடன் கண்டெடுத்தான். சாவுக்கும் உயிருக்கும் நடுவில் ஒரு மெல்லிய திரைதான் உண்டு, அது இரு பக்கமும் அசையும் என்பதை நடக்கத் தெரியாத அந்தச் சிறுவன் தாயின் வாயிலிருந்து கேட்டான். பின்னாளில் இவற்றையெல்லாம் எழுதித் தருமாறு தாயைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏழு வயதுக்குப் பின் உடல் தேறியது. தேறியது என்பது போதாது. 1864இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது ஆறடிக்கு மேல் வளர்ந்த செந்தாடி இளைஞர். ஓட்டம், எடை தூக்கல், கால்பந்து என்று பரிசுகளை வாரிக் குவித்தார். கல்லூரியின் தத்துவ மன்றத்துக்கும் வரலாற்று மன்றத்துக்கும் தலைமைப் பொறுப்பு வகித்தார். பட்டம் பெறுமுன்னரே தந்தை வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் இவரும் எழுத்தரானார்.

அந்த வேலையில் இருந்தபடி இவர் எழுதிய முதல் முழு நூல் என்ன தெரியுமா? அயர்லாந்தின் சிறு நீதிமன்றங்களில் பணிபுரியும் எழுத்தர்களின் கடமைகள் பற்றிய கையேடு! 1879இல் வெளிவந்தது. எந்தப் பதிவேட்டை எப்படி நிரப்புவது, எந்தப் படிவத்தை யாருக்கு அனுப்புவது என்று பக்கம் பக்கமாகச் சொல்லும் நூல். உலகை நடுங்க வைத்த புதினத்தை எழுதியவரின் முதல் நூல் இது என்று கேட்டுச் சிரிப்பவர் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். டிராகுலாவின் இரகசியமே இந்தக் கையேட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பகலில் கோப்பு, இரவில் நாடகம் என்று வாழ்ந்தார். டப்ளினின் மாலைப் பத்திரிகை ஒன்றுக்கு 1871 முதல் ஊதியம் இல்லாமல் நாடக விமர்சனம் எழுதினார். அப்பத்திரிகையின் பங்காளி உரிமையாளருள் ஒருவர் ஷெரிடன் லெ ஃபானு. அவர்தாம் 'கார்மில்லா' என்னும் இரத்தம் குடிக்கும் பெண்ணின் கதையை 1871-72இல் எழுதியவர். பொறி எங்கிருந்து பறந்தது என்று தேடுவோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

1876 டிசம்பரில் ஹென்றி இர்விங் என்ற பெருநடிகர் டப்ளினில் ஹாம்லெட் வேடம் கட்டினார். ஸ்டோக்கரின் விமர்சனம் அவருக்குப் பிடித்துப்போயிற்று, விருந்துக்கு அழைத்தார். விருந்து முடிந்து இர்விங் ஒரு கவிதையை நடித்துக் காட்டியபோது இளைஞர் ஸ்டோக்கர் உணர்ச்சிவசப்பட்டு நிலைகுலைந்துபோனார். அன்று தொடங்கிய பற்று இர்விங் இறக்கும் வரை தளரவில்லை. 1878இல் இர்விங் இலண்டனில் லைசியம் நாடக அரங்கை ஏற்று நடத்தத் தொடங்கியதும் ஸ்டோக்கர் ஓய்வூதியம் தரும் அரசு வேலையை உதறிவிட்டு அதன் மேலாளராகப் போய்ச் சேர்ந்தார். அதே டிசம்பரில் புளோரன்ஸ் பால்கோம் என்னும் அழகியை மணந்தார். அப்பெண்ணை முன்பு விரும்பியிருந்தவர் வேறு யாருமல்லர், எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு! 1879 இறுதியில் ஒரே மகன் பிறந்தான். அவனுக்கு இட்ட பெயரிலும் இர்விங் இருந்தார்.

அதன் பிறகு ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் ஸ்டோக்கர் செய்த வேலையை நம் ஊர் நாடகக் கம்பெனி நடத்தியவர்கள் அறிவர். சம்பளப் பட்டுவாடா, டிக்கெட் கணக்கு, திரைச்சீலைக்காரர் சண்டை, விருந்தினர் உபசாரம், முதலாளியின் கடிதங்களுக்கெல்லாம் தம் கையால் பதில். அமெரிக்காவுக்குக் கம்பெனி பல முறை பயணம் போனது. நடிகர்களையும் காட்சித் திரைகளையும் இரயில் இரயிலாக ஏற்றி, குறித்த ஊரில் குறித்த நேரத்தில் இறக்குவது இவர் பொறுப்பு. இரயில் கால அட்டவணை இவருக்கு மனப்பாடம். இடையில் சட்டம் படித்து 1890இல் வழக்கறிஞராகவும் பதிவு செய்துகொண்டார். ஒரு நாளும் வழக்காடவில்லை.

1882இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தேம்ஸ் ஆற்றுப் படகில் சென்றுகொண்டிருந்தபோது ஒரு முதியவர் தண்ணீரில் குதித்தார். ஸ்டோக்கர் மேலங்கியைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே குதித்து இழுத்து வந்தார். தம் வீட்டுக்கே தூக்கிச் சென்று மேசையில் கிடத்தினார். மருத்துவரான தம்பி ஜார்ஜ் எவ்வளவோ முயன்றும் உயிர் திரும்பவில்லை. வீரத்துக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. சாகத் துணிந்தவனை மீட்கப் பாடுபட்டும் முடியாமல் போன அந்த மேசை, பின்னர் எழுதிய புதினத்தில் லூசி என்ற பெண்ணின் படுக்கையாக மாறியிருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

1890 மார்ச்சில் ஸ்டோக்கர் புதிய கதை ஒன்றுக்குக் குறிப்பெழுதத் தொடங்கினார். அவ்வாண்டுக் கோடையில் விட்பி என்னும் மீன்பிடித் துறைமுகத்துக்குக் குடும்பத்தோடு சென்றார். குன்றின் மேல் இடிந்த மடாலயம், அதற்கு ஏறிச்செல்ல 199 படிகள், பக்கத்தில் கல்லறைத் தோட்டம், கீழே கடல். நம் செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் நின்று மேலே பார்த்தவர்களுக்கு அந்த இடம் கதை பிறக்கும் இடம் என்பது புரியும். அங்கே 1885இல் டிமிட்ரி என்ற உருசியக் கப்பல் கரை தட்டியதை விசாரித்துக் குறித்துக்கொண்டார். புதினத்தில் அது டிமீட்டர் என்ற கப்பலாயிற்று. ஊர் நூலகத்தில் வல்லேக்கியா, மால்டேவியா நாடுகளைப் பற்றி 1820இல் வில்லியம் வில்கின்சன் என்பவர் எழுதிய நூல் கிடைத்தது. அதில்தான் டிராகுலா என்ற பெயரைக் கண்டார். அம்மொழியில் அதற்குச் சாத்தான் என்று பொருள் சொல்லும் அடிக்குறிப்பும் இருந்தது. அதுவரை தம் பிரபுவுக்கு வாம்பயர் என்றே பெயரிட்டு, ஆஸ்திரியாவின் ஸ்டிரியா நாட்டில் வைத்திருந்தவர், பெயரையும் மாற்றினார், ஊரையும் மாற்றினார். டிரான்சில்வேனியாவுக்கு அவர் ஒரு நாளும் போனதில்லை.

வரலாற்றில் வாழ்ந்த டிராகுலா பதினைந்தாம் நூற்றாண்டின் வல்லேக்கிய மன்னன் மூன்றாம் விளாட். துருக்கியரோடு போரிட்டவன், பகைவரைக் கழுவேற்றியவன். இரத்தம் குடித்தவன் அல்லன். ஸ்டோக்கர் அவனைப் பற்றி அறிந்தது அந்த நூலிலிருந்த சில வரிகளே. சில வரிகள் போதுமா என்று கேட்கலாம். உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தைப் பறிமுதல் செய்த செய்தி மட்டும்தானே இருக்கிறது? அதை வைத்துக்கொண்டு கல்கி 1950 முதல் 1954 வரை நம் வீடுகளையெல்லாம் வாரம் தவறாமல் காத்திருக்க வைக்கவில்லையா? கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்தபோது கத்தி யார் கையில் இருந்தது என்று இன்றும் பேசிக்கொள்கிறோம். பழைய அரசு, காதல், ஒரு கொலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் தமிழ் வாசகனும் தூங்க மாட்டான் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்பே, நமக்கு அண்மை ஊரான ஆரணியின் பெயரைத் தாங்கிய குப்புசாமி முதலியார் ஆங்கில மர்மக் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்திருந்தார்.

இந்தியாவோடு இன்னொரு தொடர்பும் உண்டு. நம் விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்த கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் தந்தவர் ரிச்சர்ட் பர்ட்டன். வேதாளத்துக்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயர் வாம்பயர் என்பதே! 1878இல் டப்ளினில் ஸ்டோக்கர் அவரை முதன்முதலாகப் பார்த்தார். பின்னர் இலண்டனில் விருந்துகளில் பலமுறை சந்தித்தார். பேசும்போது பர்ட்டனின் உதடு விலகிக் கோரைப்பல் பளிச்சிட்டதை மறக்காமல் தம் நினைவு நூலில் எழுதி வைத்தார். வேதாளம் ஒவ்வொரு முறையும் ஒரு புதிரைப் போட்டு, விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்கிறதே, அந்தப் பேய்க்கும் புதிருக்கும் உள்ள உறவு புதியதல்ல.

ஏழாண்டுகள் உழைத்து எழுதிய 'டிராகுலா' 1897 மே மாதம் வெளிவந்தது. மஞ்சள் அட்டை, சிவப்பு எழுத்து, விலை ஆறு ஷில்லிங்.

இனி, முன்பு சொல்வதாகச் சொன்னதற்கு வருகிறேன். இப்புதினத்தில் கதைசொல்லி என்று ஒருவர் இல்லை. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள், கப்பல் தலைவனின் பதிவேடு, மருத்துவர் ஒலிப்பதிவுக் கருவியில் பேசி வைத்த நோயாளிக் குறிப்பு என்று வெறும் காகிதங்களே முழு நூலும். ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞர் நிலப் பத்திர வேலையாகப் பிரபுவின் கோட்டைக்குப் போகிறார். இரவு விருந்தாளியாக நுழைந்தவர் கைதியாகிறார். பிரபு சோபாவில் படுத்து எதைப் படிக்கிறார் தெரியுமா? ஆங்கிலேய இரயில் கால அட்டவணையை! பின்பு இங்கிலாந்தில் லூசி என்ற பெண் நாளுக்கு நாள் வெளுத்துப் போகிறாள். கழுத்தில் இரு சிறு புள்ளிகள். மருத்துவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. காதலரும் நண்பர்களுமாக நால்வர் தம் இரத்தத்தை அவளுக்கு ஏற்றுகிறார்கள். இரத்த வகைகள் உண்டென்று லேண்ட்ஸ்டைனர் கண்டறிந்தது இதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். ஆகவே நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இப்பகுதியைப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். லூசி இறக்கிறாள். யார் கொன்றது? எப்படிக் கொன்றது? எவராலும் சொல்ல முடியவில்லை.

அப்போது மீனா என்ற பெண் ஒரு காரியம் செய்கிறாள். வாளை எடுக்கவில்லை, மந்திரம் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி வைத்திருந்த குறிப்புகளையெல்லாம் வாங்கி, தட்டச்சுப் பொறியில் அடித்து, தேதி வரிசையில் அடுக்கிக் கோப்பாகக் கட்டுகிறாள். கட்டியதும் கொலையாளி தெரிந்துவிடுகிறான்! ஒருவர் கண்டதன் பொருள் இன்னொருவர் ஏட்டில் இருக்கிறது. எழுத்தர் கையேடு எழுதிய கை அல்லவா? ஸ்டோக்கரின் குறிப்பேட்டில் 1893ஆம் ஆண்டின் நாட்காட்டிக்கு ஒத்த தேதிவாரியான அட்டவணையும், இரயில் நேரங்களும், அறுவை மருத்துவரான அண்ணன் தார்ன்லியிடம் கேட்டு வாங்கிய தலைக்காயம் பற்றிய விளக்கமும் உள்ளன. பேயைப் பிடிக்க அவர் நம்பியது வேப்பிலையை அல்ல, பதிவேட்டை.

இதை நான் வெறும் இலக்கியச் சுவையாக மட்டும் சொல்லவில்லை. என் சிற்றன்னையார் ஒருவர் தலைப்பிரசவத்துக்காக மேல்மலையனூருக்குத் தாய்வீடு வந்தார். ஆண் குழந்தை பிறந்தது. அதன்பின் அவர் நாளுக்கு நாள் வெளுத்தார். மாலையானால் காய்ச்சல், நகக்கண்ணில் சிவப்பே இல்லை. காட்டேரி குடிக்கிறது என்றார்கள். கோழி அறுத்தார்கள், படையல் போட்டார்கள், இரவில் அவர் தலைமாட்டில் இரும்பு வைத்தார்கள். வைத்தியமும் பார்த்தார்கள். அன்புக்குக் குறைவில்லை, அவருக்காக உயிரைத் தரவும் அந்த வீட்டில் ஆள் இருந்தது. ஆனால் காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது, என்ன மருந்து தந்தார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று ஒருவரும் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பின் எதனால் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். மகன் வளர்ந்து வேலைக்குச் சேர்ந்தபோது, காப்பீட்டுப் படிவம் ஒன்றில் தாயார் இறந்த காரணம் என்ற கட்டத்தை நிரப்பத் தெரியாமல் என்னிடம் கொண்டு வந்தான். இருவரும் அதைக் காலியாகவே விட்டோம். லூசியின் படுக்கையைச் சுற்றி நிற்பவர்கள் விடாமல் எழுதிக்கொண்டே இருக்கும் பக்கங்களை என்னால் இன்றும் விரைவாகப் புரட்ட முடிவதில்லை.

மேல்நாட்டிலும் இதே கதைதான். 1892இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் மெர்சி பிரவுன் என்ற பத்தொன்பது வயதுப் பெண் காசநோயால் இறந்தாள். தாயும் அக்காளும் முன்பே அவ்விதம் போயிருந்தனர், அண்ணனும் இளைத்துக்கொண்டிருந்தான். ஊரார் அவள் உடலைத் தோண்டியெடுத்து, இதயத்தில் இரத்தம் இருக்கக் கண்டு, அவள்தான் இரவில் வந்து குடிக்கிறாள் என்று முடிவு கட்டி, இதயத்தை எரித்துச் சாம்பலை அண்ணனுக்குக் கரைத்துக் கொடுத்தனர். இரண்டு மாதத்துக்குள் அவனும் இறந்தான். காசநோய்க் கிருமியைக் கோக் 1882இலேயே கண்டறிந்து அறிவித்திருந்தார். செய்தி அந்த ஊருக்குப் போய்ச் சேரவில்லை. இவ்வகை நிகழ்ச்சிகளைச் சொல்லும் 1896ஆம் ஆண்டு நியூயார்க் செய்தித்தாள் நறுக்கு ஒன்றை ஸ்டோக்கர் தம் குறிப்புகளோடு ஒட்டி வைத்திருந்தார்.

காரணம் தெரியாமல் கண்முன் கரைந்துபோகும் அன்புக்குரியவர். அதற்குக் காரணமானவன் ஒருவன் உண்டு, அவனுக்கு ஊரும் பேரும் நானூறு ஆண்டு வரலாறும் உண்டு, தேடினால் கிடைப்பான், கிடைத்தால் முடிப்பான் என்ற உறுதி. வாசகர் இரத்தக் கதையை விலை கொடுத்து வாங்குவது இந்த உறுதிக்காகத்தான் என்று நான் கருதுகிறேன். கிருமி எவர் முன்பும் நின்று பதில் சொல்வதில்லை, பிரபு சொல்கிறார்.

குறைகள் இல்லாத நூல் அன்று. வான் ஹெல்சிங் என்ற முதிய அறிஞரின் பேச்சு சில இடங்களில் கொட்டாவி வரவழைக்கும். கிழக்கிலிருந்து வருபவன் எவனும் ஆபத்தானவன் என்ற ஆங்கிலேயர் அச்சமும் அதில் ஒளிந்திருக்கிறது. இத்தனை குருதியைச் சிந்திய இதே ஆசிரியர் 1908இல் புதினங்களுக்குத் தணிக்கை வேண்டும் என்று கட்டுரை எழுதினார் என்பதை என்னவென்று சொல்வது? அவர் எழுதிய ஏனைய புதினங்களை ஆய்வாளர் தவிர எவரும் படிப்பதில்லை; படிக்காததால் இழப்பும் அதிகமில்லை.

மகனின் நூலைப் படித்த தாய் சார்லட் மட்டும், பிராங்கன்ஸ்டைனுக்குப் பிறகு இதற்கு நிகரில்லை என்றும், இது பெயரும் பொருளும் தேடித்தரும் என்றும் எழுதினார். பெயர் வந்தது, ஆசிரியர் போன பிறகு. பொருள் வரவேயில்லை. 1898இல் லைசியத்தின் காட்சித் திரைகள் இருந்த கிடங்கு தீக்கிரையாயிற்று. 1902இல் அரங்கம் கைமாறி மூடப்பட்டது. 1905 அக்டோபரில் இர்விங் இறந்தார். தலைவரைப் பற்றி இரு தொகுதிகளாக நினைவு நூல் எழுதி 1906இல் வெளியிட்டார் ஸ்டோக்கர். தம்மைப் பற்றி அதில் சொற்பமாகவே எழுதிக்கொண்டார். பக்கவாதம் தாக்கியது. ஓய்வூதியம் தரும் வேலையை என்றோ உதறியவர், 1911இல் நலிந்த எழுத்தாளர் நிதிக்கு விண்ணப்பம் எழுதி நூறு பவுண்டு உதவி பெற்றார். 1912 ஏப்ரல் 20ஆம் நாள் இலண்டனில் காலமானார். ஐந்து நாள் முன்புதான் டைட்டானிக் கப்பல் மூழ்கியிருந்தது. செய்தித்தாள்களில் அவருக்கு இடம் குறைவாகவே கிடைத்தது. கல்லறையை விட்டு எழுபவர்களைப் பற்றி எழுதியவருக்குக் கல்லறை இல்லை. உடல் எரியூட்டப்பட்டது, 1961இல் இறந்த மகனின் சாம்பலும் அதே கலத்தில் சேர்க்கப்பட்டது.

1913இல் மனைவி புளோரன்ஸ் அவருடைய தாள்களை ஏலத்துக்கு விட்டார். டிராகுலாவுக்கான குறிப்புகள் இரண்டு பவுண்டு சொச்சத்துக்குப் போயின. அவை இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1922இல் ஜெர்மனியில் அனுமதியின்றி 'நோஸ்ஃபெராட்டு' என்ற படத்தை எடுத்தார்கள். கைம்பெண்ணான புளோரன்ஸ் விடாமல் வழக்காடி, 1925இல் படச்சுருள்களை அழிக்குமாறு தீர்ப்புப் பெற்றார். ஆனால் படப்பிரதிகள் சில எங்கோ பிழைத்துக்கிடந்து மீண்டும் எழுந்தன. அந்தக் கதைக்கு அது பொருத்தம்தானே! 1931இல் பேலா லுகோசியும், 1958இல் கிறிஸ்டோபர் லீயும் பிரபுவுக்கு முகம் கொடுத்தனர். 1976இல் ஆன் ரைஸ் இரத்தம் குடிப்பவனையே தன் வரலாறு சொல்ல வைத்தார். 1978இல் செல்சி குவின் யார்ப்ரோ பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிசில் அவனைக் கண்ணியமான காதலனாக்கி ஒரு வரிசையையே தொடங்கினார். இன்று நம் மாணவியர் படிக்கும் வகை அங்கிருந்து கிளைத்தது. அவற்றில் பல என் கண்ணுக்குச் சோம்பலான எழுத்தே. காதலன் மிக நல்லவனாகிவிட்டால் கொலையை யார் தலையில் கட்டுவது என்று ஆசிரியர்கள் திண்டாடுவது தெரிகிறது.

ஸ்டோக்கரின் கதை முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு 2024ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. திடீரெனச் செவித்திறன் இழந்து பணியிலிருந்து விலகியிருந்த டப்ளின் மருந்தியலாளர் ஒருவர், பொழுதைக் கழிக்க அயர்லாந்து தேசிய நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டியிருக்கிறார். 1890ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் இணைப்பு ஒன்றில், எந்தப் பட்டியலிலும் ஏறாத ஸ்டோக்கரின் சிறுகதை கிடைத்தது. டிராகுலாவுக்கு முதல் குறிப்பு எழுதிய அதே ஆண்டு. கதையின் பெயர் தூக்குமேட்டுக் குன்று என்று பொருள்படுவது. 1786இல் பெயர் தெரியாத மாலுமி ஒருவனை மூவர் கொன்றுவிட்டுத் தூக்கில் தொங்கிய, இங்கிலாந்தின் ஒரு மேட்டு நிலத்தில் நடக்கிறது.